கூனம்பாறை பாதுகாக்கப்பட்ட வரலாறு

கூனம்பாறையின் குடைவுக்குள் குதிரை மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை நிறம், ஒரு சாண் உயரம், கையில் ஈட்டியோ சாட்டையோ ஏதோ ஒன்று. குதிரைக்குக் கால்கள் சரியாக இருந்தன. ஆளுக்குத்தான் முகம் கிடையாது. யார் வரைந்தது, எப்போது வரைந்தது என்று நல்லமுத்துவின் வகையறாவில் ஒருவரும் கேட்டதில்லை. அவர்களுக்கு அவர் குதிரைக்காரர், குலசாமி. மாசி மாதத்துக் கடைசி ஞாயிறன்று நரிக்குடிப் பக்கமிருந்தும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்தும் பங்காளிகள் எல்லோரும் வந்து சேர்வார்கள். பாறைக்கு முன்னால் பொங்கல் வைத்து, பிள்ளைகளுக்கு மொட்டையடித்து, காது குத்திவிட்டுப் போவார்கள். பாறையை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். விரல் பட்டால் குதிரை மிரண்டு ஓடிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. சந்தனத்தைக்கூடத் தரையில் வைத்துவிட்டு எட்ட நின்று கும்பிடுவார்கள்.

இந்த அட்டூழியம் இத்தனை காலமாக நடந்துவருவது தொன்மைச் சின்னங்கள் பராமரிப்பு வாரியத்துக்குப் போன வருஷம்தான் தெரியவந்தது. ஒரு கல்லூரி ஆசிரியர் படமெடுத்துச் செய்தித்தாளில் போட்டிருந்தார். மூவாயிரம் ஆண்டுப் பழமை என்று எழுதியிருந்தார். மறுவாரமே வாரியத்தின் ஜீப் வந்துவிட்டது. மண்டல அலுவலர் சௌந்தரபாண்டியன் இறங்கி, குதிரைக்காரரோடு தோளுரச நின்று செல்பி எடுத்துக்கொண்டார். பிறகு பாதுகாப்பு தொடங்கியது.

முதலில் பாறையைச் சுற்றிக் கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி இழுத்தார்கள். அடுத்து ஒரு நீலப் பலகை வந்தது. இச்சின்னத்தைத் தொடுவோரும் சேதப்படுத்துவோரும் சிறைத் தண்டனைக்கு உள்ளாவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதை மாட்டுவதற்காகப் பாறையில் மெஷின் வைத்துத் துளை போட்டார்கள். துளையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, குதிரையின் வாலுக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. நல்ல வேளையாக அதற்குள் போல்ட்டை முறுக்கி முடித்துவிட்டார்கள்.

காவலாளியாக நல்லமுத்துவின் மகன் மருதுபாண்டியையே போட்டார்கள். ஒப்பந்த வேலைதான். காக்கிச் சட்டை, விசில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். வாரியத்தில் வேலை என்றதும், அதுவரை பிடி கொடுக்காமல் இருந்த மல்லாங்கிணற்றுப் பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, பங்குனி போகட்டும், சித்திரையில் பேசி முடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மருதுபாண்டி வேலையில் மிகவும் கண்ணாக இருந்தான். பெற்ற தகப்பன் வேலியோரம் ஆட்டை விரட்டிக்கொண்டு வந்தாலும் எழுந்து நின்று விசில் ஊதினான். ஆடுகள் நின்றுவிடும். நல்லமுத்துவும் நின்றுவிடுவார்.

இது இப்படியே போயிருக்கும். ஆனால் அந்த மாசியில் பேரனுக்குக் காது குத்தவேண்டியிருந்தது. மகள் பாண்டீஸ்வரிக்கு வெகுகாலம் பிள்ளையில்லை. தங்கியது இரண்டு முறை கலைந்தும் போயிற்று. அருப்புக்கோட்டையிலும் மதுரையிலும் பார்க்காத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் அவள் குதிரைக்காரர் முன்னால் மண்டியிட்டு, ஒரு பிள்ளை தங்கினால் உன் கண் முன்னாலேயே தாய்மாமன் மடியில் வைத்து முடியெடுத்துக் காது குத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிறந்தது. அதன் தலையில் ஒரு முடிகூட இதுவரை வெட்டவில்லை. முடி கண்ணை மறைத்து அது எங்கேயாவது முட்டிக்கொள்ளும்போதெல்லாம் பாண்டீஸ்வரி பாறை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நேர்த்திக்கடன் நிற்கிறது என்ற பயம் அந்த வீட்டில் சோற்றோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

நல்லமுத்து சலவை வேட்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். மண்டல அலுவலகம் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. சௌந்தரபாண்டியன் மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை குகைக்கு வார விடுமுறை என்று சொன்னார். மற்ற நாட்களில் மாணவர்கள், ஆய்வாளர்கள், வெளிநாட்டவர், முக்கிய விருந்தினர் ஆகியோர் முன் அனுமதி பெற்றுப் பார்வையிடலாம் என்றார்.

"இதுல நீங்க யாரு, பெரியவரே?"

நல்லமுத்து நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "வெள்ளாம பாக்குற சம்சாரி, சார்."

அப்படி ஒரு வகை கம்ப்யூட்டரில் இல்லை. சௌந்தரபாண்டியன் திரையைத் திருப்பியே காட்டினார். தான் ஒன்றும் ஒளிக்கவில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. பிறகு, அந்த ஓவியம் உங்கள் சாமி என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்.

"அவரு எங்க சாமிதான் சார். ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க."

"அது நீங்க சொல்றீங்க. அவர் தரப்புல ஒண்ணும் இல்லையே."

நல்லமுத்து மகளின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். கலைந்துபோன பிள்ளைகளையும் சொன்னார். சௌந்தரபாண்டியன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று முகம் மலர்ந்தார். வாரியத் தலைவர் குகையைத் திறந்துவைக்க வருகிறார், அவருக்கு ஒழிந்த நாள் அந்த மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான், அதனால் அன்றைக்கு வார விடுமுறை ரத்து என்றார். கரகாட்டத்துக்கும் மதிய விருந்துக்கும் நடுவில் பாரம்பரிய நிகழ்ச்சி என்று ஒன்று சேர்க்க இடமிருக்கிறது, அதில் காதுகுத்தை வைத்துக்கொள்ளலாம், பிள்ளை அதிகமாக அழக்கூடாது என்றும் சொன்னார். நல்லமுத்து கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தார். சாமியைப் பார்க்கக் கரகாட்டத்துக்குப் பிறகு நிற்கவேண்டியிருக்கிறதே என்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. போகட்டும், பிள்ளைக்குக் காது குத்தினால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

விழாவுக்கான பிளெக்ஸ் முதலில் வந்து, சாலையோரம் வேலிக்கு வெளியே எழுந்து நின்றது. இரண்டு ஆள் உயரம். நடுவில் கைகூப்பியபடி வாரியத் தலைவர், பக்கத்தில் சென்னையிலிருந்து வரப்போகும் இயக்குநர், அடுத்து சௌந்தரபாண்டியன். கீழே வலது மூலையில் உள்ளங்கை அளவுக்குக் குதிரைக்காரர் இருந்தார். விழா அவருக்கு என்பதால் அவரையும் விட்டுவிட மனம் வரவில்லை போலும்.

பெரிய மனிதர் வருகிறார் என்றால், அசையாமல் நிற்கிற எல்லாவற்றுக்கும் வெள்ளையடிப்பது நம் நிர்வாகத்தின் மரபு. வெள்ளிக்கிழமை காலையில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சுண்ணாம்பு டிரம்மோடு வந்து இறங்கினார்கள். மருதுபாண்டியைப் பூமாலைக்குச் சொல்லிவரும்படி அருப்புக்கோட்டைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆட்கள் சாலையோரக் கற்களுக்கு அடித்தார்கள். வேப்பமரங்களுக்கு இடுப்பளவு அடித்தார்கள். கல்லுக்காலுக்கு அடித்தார்கள். ஆட்டுத் தொட்டிக்கு அடித்தார்கள். டிரம்மில் மிச்சம் இருந்தது. குடைவுக்குள் போய்ப் பாறைக்கும் இரண்டு கோட்டாக அடித்து, கீழே அழகாகக் காவிப்பட்டை இழுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

செய்தி கேட்டு நல்லமுத்து ஓடிவந்தபோது அவரைத் தடுத்து விசில் ஊத ஆளில்லை. குடைவு பளிச்சென்று இருந்தது. குதிரைக்காரர் இருந்த இடம் எது என்றே தெரியவில்லை. நல்லமுத்து நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"குதிர போயிருச்சே" என்றார்.

சௌந்தரபாண்டியன் ஜீப்பில் வந்து சேர்ந்தார். அவரும் அதிர்ந்துதான் போனார். ஆனால் அனுபவசாலி என்பதால் சீக்கிரம் தெளிந்து, ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தார். வளாகம் முழுவதும் வெள்ளையடித்தல் என்று அதில் தெளிவாக இருந்தது. பாறையும் வளாகத்துக்குள்தானே இருக்கிறது என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். காவிப்பட்டை ஏன் ஓரிடத்தில் கோணியிருக்கிறது என்று மட்டும் சௌந்தரபாண்டியன் கடிந்துகொண்டார்.

பிறகுதான் நிகழ்ச்சி நிரல் அவர் நினைவுக்கு வந்தது. பதினொரு மணிக்குத் தலைவர் ஓவியத்தைப் பார்வையிடுகிறார் என்று அச்சடித்தாகிவிட்டது. கழுவிவிடச் சொன்னார். ஒருவன் குடத்துத் தண்ணீரை வீசினான். சுண்ணாம்பு இறங்கியது. அதோடு சேர்ந்து அடியில் இருந்ததும் இறங்கியது. எல்லாம் ஒரே வெள்ளையாகப் பாறையில் வழிந்து, தரையில் ஓடி, நல்லமுத்துவின் காலடிக்கு வந்து மண்ணில் சுவறிப்போயிற்று. அவர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். மிதித்துவிட்டோமோ என்று குனிந்து பாதத்தைத் தடவிப் பார்த்தார். அவருடைய பாட்டன் பூட்டன் எல்லாம் தொடாமல் காத்துவைத்ததை ஒரு குடம் தண்ணீரில் கழுவி ஊற்றிவிட்டார்கள், பாவிகள்.

டவுனிலிருந்து திரும்பி வந்த மருதுபாண்டி தகப்பனின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு அவர் கையைப் பிடித்தான். "அப்பா, சத்தம் போட்றாதீக. இந்த வேலைய வச்சுத்தான் பொண்ணு தாரேன்டுருக்காக." நல்லமுத்து வாயை மூடிக்கொண்டார். ஒரு பக்கம் மகளின் நேர்த்திக்கடன், இன்னொரு பக்கம் மகனின் வாழ்க்கை. நடுவில் இருந்த சாமியைக் காணோம்.

சாயங்காலம் சுவர் விளம்பரம் எழுதும் மாரிக்கண்ணனைக் கூட்டிவந்தார்கள். பிளெக்ஸின் மூலையில் இருந்த படத்தைக் காட்டி, அதேபோல் போடச் சொன்னார்கள். இது சின்னப் பிள்ளை கிறுக்கினதுபோல இருக்கிறதே, நம்ம பேர் கெட்டுப்போகும் என்று மாரிக்கண்ணன் தயங்கினான். தலைவருக்குக் கண் கொஞ்சம் மங்கல், அதனால் ஆளுயரத்துக்குப் போடு, முகத்தையும் கொஞ்சம் எடுப்பாகப் போடு என்று சௌந்தரபாண்டியன் சொல்லிவிட்டுப் போனார். மாரிக்கண்ணன் சனிக்கிழமை முழுவதும் எனாமல் பெயிண்டில் வேலை செய்தான். முகம் என்றால் அவன் கைக்கு வந்தது பிளெக்ஸில் பெரிதாக இருந்த முகம்தான். குதிரைமேல் இருந்தவருக்கு முறுக்கு மீசை வந்தது. கைகூப்ப வைக்கத்தான் இடமில்லை, ஈட்டி குறுக்கே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லமுத்துவின் சொந்தபந்தம் லோடு ஆட்டோக்களில் வந்து இறங்கியது. யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. மனைவி கருத்தம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. எல்லோரையும் வேலியோரம் வெயிலில் உட்காரவைத்தார்கள். பந்தலுக்குள் சோபாக்கள் இருந்தன. வீரசோழன் ஊரிலிருந்து பிரியாணி அண்டாக்கள் வந்து ஒதுக்கமாக நின்றன.

இயக்குநர் பேசினார். அவர் பல நாடுகளின் குகைகளைப் படத்தில் பார்த்தவர்.

"இத்தகைய ஓவியங்களுக்கு மிகப் பெரிய ஆபத்து உள்ளூர் மக்கள்தான். மூவாயிரம் ஆண்டுகளாக இந்த ஓவியம் அவர்களுடைய கையில், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருந்திருக்கிறது. ஆனாலும் அழியவில்லை. இது எப்படி நடந்தது என்பதை வாரியம் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. இனி அந்தக் கவலை இல்லை. வாரியம் வந்துவிட்டது."

எல்லோரும் கைதட்டினார்கள். வெயிலில் இருந்தவர்களும் தட்டினார்கள். தட்டாவிட்டால் காதுகுத்து தள்ளிப்போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு.

பதினொரு மணிக்குத் தலைவர் ஓவியத்தைப் பார்வையிட்டார். பார்த்ததும் அசந்துபோய் நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் அவர் முகத்தையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "என்னய்யா, நம்ம அப்பாவ உரிச்சு வச்ச மாதிரி இருக்காரு" என்றார் தலைவர். தொடுவோர் தண்டிக்கப்படுவர் என்ற நீலப் பலகைக்கு நேர் கீழே நின்று, பாசத்தோடு கையை நீட்டி மீசையைத் தடவினார்.

விரலில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. தலைவர் விரலைப் பார்த்தார். சௌந்தரபாண்டியன் கண்ணை மூடிக்கொண்டார். இயக்குநர்தான் கலங்கவில்லை. அவர் மைக்கைக் கையில் வாங்கினார்.

"மூவாயிரம் ஆண்டுகள் ஆகியும் காயாத வண்ணம்! இதுதான் ஆதித் தமிழனின் தொழில்நுட்பம். இந்த ஈரத்தை இன்னும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு வாரியம் காக்கும்."

கைதட்டல் பாறையில் மோதி எதிரொலித்தது. தலைவர் அந்த விரலைத் துடைத்துக்கொள்ளவே இல்லை. எல்லோருக்கும் தூக்கிக் காட்டியபடி வந்து சோபாவில் உட்கார்ந்தார். கரகாட்டம் நடந்தது. பிறகு பாரம்பரிய நிகழ்ச்சி என்று அறிவித்தார்கள்.

நல்லமுத்து பேரனைத் தூக்கிக்கொண்டு வேலிக்குள் வந்தார். பின்னால் பாண்டீஸ்வரி, கருத்தம்மாள், ஊசியோடு ஆசாரி. தாய்மாமனாகிய மருதுபாண்டி காக்கிச் சட்டையோடு குடைவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். போட்டோக்காரர்கள் வளைத்துக்கொண்டார்கள். பாண்டீஸ்வரி நிமிர்ந்து பாறையைப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் தகப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் நல்லமுத்துவால் தாங்க முடியவில்லை. எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கி, எத்தனை ராத்திரி அழுது பெற்ற பிள்ளை அது. அதைக் கொண்டுபோய் யாரோ ஒருவருடைய அப்பா முன்னால் வைத்துக் காது குத்தவா?

"இவுக எங்க சாமி இல்ல" என்றார்.

சௌந்தரபாண்டியன் சிரித்த முகத்தோடு காதருகே வந்தார். தலைவர் பார்க்கிறார், குத்திவிடுங்கள் என்றார்.

"எங்க குதிரைக்காரருக்கு மூஞ்சி கெடையாது சார். நீங்க தண்ணிய ஊத்தி வெரட்டி விட்டுட்டீக. இவுக யாரோ. இவுக முன்னால எம்பேரன் காதக் குத்த மாட்டேன்."

அவர் என்ன சொல்கிறார் என்று தலைவர் கேட்டார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று இயக்குநர் விளக்கினார். சௌந்தரபாண்டியன் சிரிப்பை மாற்றாமலே குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளையடிச்சது யாருன்னு நாளைக்கு அறிக்கை எழுதணும், பெரியவரே. காவலாளி பேரை எழுதவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

நல்லமுத்து மகனைப் பார்த்தார். அவனுக்கும் அது கேட்டுவிட்டது. மல்லாங்கிணற்றுப் பெண்ணை நினைத்திருப்பான். பிறகு எழுந்து, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, நீலப் பலகையின் போல்ட்டில் மாட்டினான். காக்கிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான். தகப்பன் கையிலிருந்து மருமகனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்கப்பா, வெளிய போவோம்" என்றான்.

வெளியே எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. கருத்தம்மாள்தான் பிளெக்ஸைப் பார்த்தாள். அதன் மூலையில் உள்ளங்கை அளவுக்குக் குதிரைக்காரர் பழையபடியே இருந்தார், முகமில்லாமல், குதிரை மேல். உலகத்தில் அவர் மிச்சமிருந்த இடம் அதுதான். கருத்தம்மாள் ஒருவரையும் கேட்கவில்லை. பாண்டீஸ்வரி புருஷனின் மாற்று வேட்டி ஒன்றையும் இரண்டு துண்டுகளையும் வாங்கி, தலைவர், இயக்குநர், சௌந்தரபாண்டியன் மூவர் முகத்தையும் மூடிக் கட்டச் சொன்னாள். சாமிக்குக் காட்டுகிற சூடம் அவர்களுக்குப் போய்விடக்கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள். சாலைப் புழுதியில் மருதுபாண்டி வெற்றுடம்போடு உட்கார்ந்தான். பிள்ளையை மடியில் வைத்து முடி இறக்கினார்கள். ஆசாரி குத்தினார். பிள்ளை அழுத அழுகையில் பந்தலில் நன்றியுரை யாருக்கும் கேட்கவில்லை. பாண்டீஸ்வரி எட்ட நின்றே கும்பிட்டாள்.

விருந்து முடிந்து கார்கள் போன பிறகு நல்லமுத்து கருக்கரிவாளை எடுத்து, அந்த மூலையை மட்டும் சதுரமாக அறுத்து மடியில் வைத்துக்கொண்டார். மிச்சத்தையும் விட்டுவைக்க மனமில்லை. சுருட்டி லோடு ஆட்டோவில் போட்டார்.

அறிக்கை சொன்னபடியே போயிற்று. உள்ளூர் மக்கள் அறியாமையால் ஓவியத்தின் மீது வெள்ளையடித்ததாகவும், வாரியம் உரிய நேரத்தில் தலையிட்டு ஓவியத்தை மீட்டுப் பொலிவேற்றியதாகவும், காவலாளி பணிநீக்கம் செய்யப்பட்டதாகவும் எழுதினார்கள். அந்தப் பணிக்காக சௌந்தரபாண்டியனுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. பெண் வீட்டார் சித்திரையில் வரவில்லை. மருதுபாண்டி காலையில் எழுந்து தகப்பனோடு மிளகாய் பறிக்கப் போனான்.

வெயில் ஏறிய ஒரு நாள் ஜீப் நல்லமுத்துவின் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. விழாவின் பிளெக்ஸ் வாரியத்தின் சொத்து, அதைக் காணவில்லை என்று சென்னையிலிருந்து கேட்கிறார்களாம். இறங்கி வந்த சௌந்தரபாண்டியன் முற்றத்துப் பொட்டலில் நின்றுவிட்டார். பிளெக்ஸ் நீளமாக விரிந்து கிடந்தது. அதன் மேல் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. கருத்தம்மாள் அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிவரை காலால் கிளறிவிட்டபடி வந்துகொண்டிருந்தாள். இயக்குநரைத் தாண்டி இப்போதுதான் அடுத்த ஆளிடம் வந்திருந்தாள். விலகிய மிளகாய்க்கு நடுவில் சௌந்தரபாண்டியனின் ஒரு கண்ணும் பாதிச் சிரிப்பும் தெரிந்தன.

"எங்கயும் போகல சார், பத்திரமாத்தான் வச்சிருக்கோம்" என்றார் நல்லமுத்து.

சௌந்தரபாண்டியனுக்கு நெடி ஏறி இருமல் வந்தது. குனிந்து, தன் முகத்தின் மேல் கிடந்த மிளகாயை இரண்டு கையாலும் வேகமாகத் தள்ளினார்.

"தொடாதீக சார்" என்றார் நல்லமுத்து.

அதற்குள் அவர் கண்ணைக் கசக்கிவிட்டார்.